காப்பும் கணக்கும்



நம் பழைய நூல்கள் பெரும்பாலும் காப்புச் செய்யுளோடு தொடங்குவன. ஊர்த் திருவிழாவும் காப்புக் கட்டிய பின்னரே நடைபெறும். ஆனால் தொழிற்சாலைகளிலோ, காப்பு என்பது சட்டத்துக்கு அஞ்சிச் செய்யும் கடைசிச் செலவாகவே நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. அது செலவா, தொழிலுக்கு முதலா என்பதை இன்று சிந்திப்போம்.

இதற்குச் சித்தூர், திருப்பதிப் பகுதியை எடுத்துக்கொள்வது பொருந்தும். 1953-ல் ஆந்திர மாநிலம் அமையும் வரை சென்னையோடு இணைந்திருந்த அப்பகுதி, தமிழர்க்கு அயலன்று. திருப்பதியை அடுத்த கரகம்பாடியில், 1985-ல் தோன்றிய அமர ராஜா நிறுவனத்தாரின் பாட்டரித் தொழிற்சாலை உள்ளது. கார்களிலும் பிற ஊர்திகளிலும் பயன்படும் இத்தகைய பாட்டரிக்கு உயிர்நாடி ஈயம். அதன் தூசு மூச்சோடு உட்சென்றால் இரத்தம் குன்றும், வயிறு நோகும், நரம்பு தளரும். ஆகவேதான் 1987-ல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், எட்டு மணி நேரச் சராசரியாக, ஒரு கன மீட்டர்க் காற்றில் 0.15 மில்லிகிராம் ஈயத்துக்கு மேல் கூடாதென வரம்பிட்டது.

தூசை உறிஞ்சும் கருவி தொழிலாளியின் மூச்சைக் காக்கிறது. அதன் துணிப்பைகளில் தங்கும் ஈயமோ மீண்டும் உலைக்குச் சென்று பொருளாகிறது. பைகளின் இருபுறமும் உள்ள காற்றழுத்த வேறுபாட்டைக் காட்டும் மானி, பழுது பார்க்க வேண்டிய நாளை முன்கூட்டியே அறிவிக்கிறது. ஒரே இடத்தில் பணிபுரியும் பலரின் இரத்தத்தில் ஈயம் ஒருசேர ஏறினால், குறை அவர்களிடமன்று, அங்குள்ள பொறியில் என்று பொறியாளர் உணரலாம்.

இக்கணக்கு தவறினால் தொழிலே நிற்கக்கூடும். 2021 ஏப்ரலில் ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்நிறுவனத்தின் ஆலைகளை மூட ஆணையிட்டது. தொழிலாளர் இரத்தத்திலிருந்த ஈயமும் அதற்குக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. நிறுவனம் வழக்காட, உயர்நீதிமன்றம் ஆணையை இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. 2023 ஜனவரி 30 அன்று சித்தூரருகே அதன் ஆலையொன்றில் தீ மூண்டது. உயிர்ச்சேதம் நேரவில்லை. இத்தகைய வேளையில், சம்பளத்துக்காக வாயிலில் பதியும் மின்னணு வருகைக் கணக்கே உள்ளே எத்தனை பேர் உளர் என்பதையும் சொல்ல வல்லது.

அமெரிக்காவில் 1987-ல் அல்கோவா அலுமினிய நிறுவனத்தின் தலைவரான பால் ஓ'நீல், பங்கு முதலீட்டாளர் கூட்டத்தில் இலாபத்தைப் பேசாது தொழிலாளர் பாதுகாப்பையே முதலிற் பேசினார். விபத்துச் செய்தி ஒரு நாளுக்குள் தம்மை எட்டவேண்டும் என்றார். செய்தி விரைந்து வர அமைந்த அவ்வழியிலேயே தொழிலாளரின் யோசனைகளும் வந்தன. விபத்துகள் குறைந்தன, இலாபமும் பெருகிற்று.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இரத்தப் பரிசோதனையின் முடிவு பொறியைத் திருத்தவும் பயன்படும்; ஆளை நீக்கவும் பயன்படும். பின்னதற்குப் பயன்பட்டால் தொழிலாளி நோயை மறைப்பான். பரிசோதனைக்கு வராமல் நழுவுவான். அப்போது விலையுயர்ந்த கருவியும் குருடாகிவிடும். கருவி காட்டும் எண் மெய்யாக இருக்க, அதன் முன் நிற்பவனுக்கு அச்சமின்மை வேண்டும். ஈயம் ஏறியவரைச் சம்பளம் குறையாமல் வேறு பணிக்கு மாற்றுவதே அவ்வச்சத்தைப் போக்கும் வழி.

அயல் மாநில ஆலைகளில் உழைக்கும் நம்மவர்க்கு ஒரு சொல். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, தொழிலாளர்க்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனைக்கு வகை செய்கிறது. முடிவை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ஒப்பந்தக்காரர் மாறினும் ஊர் மாறினும் அத்தாள்களைச் சேர்த்து வையுங்கள். நிறுவனத்தின் ஏட்டில் நீங்கள் ஓர் எண்ணாக இருக்கலாம். உங்கள் கையிலுள்ள ஏட்டில் அந்த எண் உங்கள் உடல்நலத்தின் வரலாறு.