போலீஸ் பட்டயமும் பல்கலைக்கழகப் பட்டமும்
(பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாசனம், சாலை, குடிநீர் என்று பேசிவரும் இம்முகாமில் கல்லூரிப் படிப்பைப் பற்றி நான் பேச முற்பட்டதற்குக் காரணம் உண்டு. சென்ற மாதம் ஓர் அங்கத்தினர் என்னைச் சந்தித்துத் தம் தங்கை மகனின் நிலையைக் கூறினார். பையன் பத்தாம் வகுப்புத் தேறியவுடன் ஒரு தனியார் நிலையத்தில் இரண்டாண்டுப் போலீஸ் பட்டயப் படிப்பில் சேர்ந்தான். கட்டணத்துக்காகத் தாயின் நகை அடகுக்குப் போயிற்று. "இதை முடித்தால் பட்டப் படிப்பின் மூன்றாம் ஆண்டில் நேரே சேரலாம்" என்று சேர்க்கும்போது சொன்னார்களாம். முடித்தபின் ஒரு பல்கலைக்கழகத்தில் விசாரித்தால், முதலாண்டில் சேர்வதற்கே பன்னிரண்டாம் வகுப்பு வேண்டும் என்றார்கள். "அப்படியானால் படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்று, ஐயா?" என்று அவர் கேட்டார்.

நம் பாட்டனார் காலத்தில் ஊருக்கு ஊர் மரக்கால் வேறாக இருந்தது. ஓர் ஊரில் பத்து மரக்கால் அளந்த நெல், அடுத்த ஊர்ச் சந்தையில் எட்டரையாக நிற்கும். நெல் குறையவில்லை, வாங்குகிறவன் தன் மரக்காலால் அளந்தான், அவ்வளவுதான். 1958 முதல் மெட்ரிக் அளவைகள் வந்த பிறகே இந்த வழக்கு மெல்ல மெல்லத் தீர்ந்தது. கல்லூரிப் படிப்பில் அது இன்னும் முழுவதும் தீரவில்லை.

படிப்புக்கும் ஓர் அளவை உண்டு. அதைக் கிரெடிட் என்பார்கள். நாம் அலகு என்போம். வாரம் ஒரு மணி வீதம் ஒரு பருவம் முழுவதும், அதாவது சுமார் 15 மணி நேரம், பாடம் நடந்தால் அது ஓர் அலகு. செய்முறைப் பயிற்சியானால் 30 மணி நேரம் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட திட்டப்படி மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 அலகுகள் தேவை.

போலீஸ் பட்டயத்தின் அலகுகளைப் பட்டத்தில் சேர்த்துக்கொள்வது பற்றி நன்கு தெரிந்துகொள்ளக் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தைப் பார்ப்பது நல்லது. அங்கே 1965இல், கல்வி அமைச்சராயிருந்த வில்லியம் டேவிஸ் முயற்சியால், தொழிற்கல்வி தரும் கல்லூரிகளுக்கான சட்டம் வந்தது. முதற் கல்லூரியான சென்டெனியல் 1966இல் ஸ்கார்பரோவில் திறக்கப்பட்டது; இன்று தமிழர் பலர் வாழும் பகுதி அது. அக்கல்லூரிகளைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கட்டாக அமைக்கவில்லை. வேலைக்குப் பழக்குவது அவற்றின் நோக்கம். பட்டம் தருவது பல்கலைக்கழகத்தின் காரியம் என்று இரண்டையும் தனித்தனியே வைத்தார்கள். அக்கல்லூரிகளில் இன்று இரண்டாண்டுப் போலீஸ் அடிப்படைப் பட்டயம் பயில்வோர் பலர். அவர்கள் மேலே படிக்கப் போகும்போது அந்தப் பழைய வேலி குறுக்கே நின்றது. 2011இல்தான் மாகாண அரசு இதற்கென ஒரு தனிக் குழுவை ஏற்படுத்தியது. எந்தக் கல்லூரியின் எந்தப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகம் எவ்வளவுக்கு ஏற்கும் என்ற விவரங்களை மாணவர் முன்கூட்டியே காணும்படி செய்வது அதன் வேலைகளுள் ஒன்று.

ஏற்பதும் மறுப்பதும் அங்கே ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் உரிமை. சட்டம், குற்றவியல், உளவியல், சமூகவியல் போன்ற பாடங்களுக்கு நிகரான பாடம் பட்டப் படிப்பில் இருக்குமாகையால், அவை ஏற்கப்படுவது எளிது. உடற்பயிற்சிக்கு நிகர் இல்லாவிட்டால் அதற்கு இடமில்லை. ஆகவே இரண்டாண்டுப் படிப்பு இரண்டாண்டாகவே கழியும் என்று நம்பிக் கணக்குப் போடக்கூடாது. இடையில் ஒரு செய்தி: அம்மாகாணத்தில் போலீசில் சேரப் பள்ளி இறுதிச் சான்றிதழே போதும், ஆனால் குடிமகனாகவோ நிரந்தரக் குடியுரிமை பெற்றவனாகவோ இருக்க வேண்டும். நிலத்தை விற்று மகனை அப்படிப்புக்கு அனுப்ப நினைப்பவர் இதை முதலில் அறிய வேண்டும்.

நம் நாட்டில் ஒழுங்காக அமைந்த வழி ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு பட்டயம் படித்தவர், பொறியியற் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். மூன்றாண்டு படித்தவருக்கு ஓராண்டுதானா கழிவு என்று தோன்றும். கூட்டிப் பாருங்கள். மேல்நிலைப் பள்ளி இரண்டு, பொறியியல் நான்கு, ஆக ஆறு. பட்டயம் மூன்று, பொறியியல் மூன்று, அதுவும் ஆறு. பட்டயத்தின் மூன்றாண்டில் இரண்டு ஆண்டு பள்ளிக்கு ஈடாயிற்று, ஓராண்டு கல்லூரிக்கு ஈடாயிற்று. ஒன்றும் வீணாகவில்லை. வாங்குகிறவரும் கொடுக்கிறவரும் ஒரே மரக்காலை ஒப்புக்கொண்டதன் பலன் இது.

மற்றப் படிப்புகளுக்காக 2021இல் மானியக் குழு அலகு வங்கி ஒன்றை ஏற்படுத்தியது. நம் கூட்டுறவு வங்கியில் பணம் போடுவதுபோல் மாணவனே போய் இதில் போட முடியாது. அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையந்தான் அவன் கணக்கில் அலகுகளைச் செலுத்த வேண்டும். போட்ட அலகு அதிகபட்சம் ஏழாண்டு செல்லும். பட்டம் தரும் நிலையத்தில் பாதிக்குக் குறையாமல் அலகுகள் பெற்றாக வேண்டும். தனியார் நிலையம் அழகாக அச்சிட்டுக் கொடுக்கும் சான்றிதழ், அந்நிலையத்துக்கு அங்கீகாரம் இல்லையென்றால், இந்த வங்கியில் ஓர் அலகுகூட ஆகாது.

இன்னொன்று, இதைவிட முக்கியமானது. நம் மாநிலத்தில் இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்புப் போதும். சப் இன்ஸ்பெக்டர் ஆகப் பட்டம் வேண்டும். படிகளைத் தாண்டிப் பட்டம் வாங்கினால் பயனில்லை. பத்தாம் வகுப்பும் மேல்நிலை வகுப்பும் முறையே தேறாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டம் அரசுப் பணிக்குச் செல்லாது என்று 2009இல் நம் அரசு ஆணை பிறப்பித்தது. பட்டம் கையில் இருந்தும் வேலை கிடைக்காது, வயதும் ஏறிவிடும்.

ஆகவே பணம் கட்டுமுன், பட்டயம் கொடுக்கும் நிலையத்தைக் கேட்பதோடு நிற்காமல், பின்னால் பட்டம் படிக்க நினைக்கும் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இந்த நிலையத்தின் இந்தப் பட்டயத்துக்கு எத்தனை அலகு தருவீர்கள், எந்த ஆண்டில் சேர்ப்பீர்கள் என்று கேளுங்கள். வாய்ச்சொல் வேண்டாம், எழுத்தில் பதில் வாங்குங்கள். மே 1 அன்று கிராம சபை கூடுகிறது. பிள்ளைகள் அடுத்து என்ன படிப்பது என்று வீடுகளில் பேச்சு நடக்கும் காலம் அது. படித்த அங்கத்தினர் ஒருவர் அன்று கால்மணி நேரம் இதை எடுத்துச் சொல்லலாம்; கடிதம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதியும் கொடுக்கலாம்.

நான் முதலில் சொன்ன பையன் இப்போது தனித்தேர்வராக மேல்நிலைத் தேர்வுக்குப் படித்துவருகிறான். நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது.