முதல் அடிக்கும் காவல் நிலையத்துக்கும் இடையில்
(மாதர் முன்னணி ஊழியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

தோழர்களே,

வன்முறையைத் தடுக்கக் குடியிருப்புப் பகுதிகளிலேயே ஆலோசகர்களைப் பயிற்றுவிப்பது பற்றிப் பேசுமாறு கேட்டுக்கொண்டீர்கள். இது தொண்டு நிறுவனங்களின் வேலை, நமது வேலை போராட்டம் என்று சில தோழர்கள் கருதுவதுண்டு. அந்தக் கருத்தை முதலில் பரிசீலிப்போம்.

2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 18 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் 29.3 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். வன்முறைக்கு ஆளானோரில் உதவி நாடியவர்கள் 14 சதவீதம் மட்டுமே. 77 சதவீதத்தினர் உதவி நாடவுமில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. ஏதேனும் ஒரு காரணத்துக்காக மனைவியைக் கணவன் அடிப்பது நியாயமே என்று ஒப்புக்கொண்ட ஆண்கள் 44 சதவீதம்; பெண்கள் 45 சதவீதம்.

இந்தக் கடைசி எண்ணிக்கையை நாம் ஆழ்ந்து யோசிக்க வேண்டும். ஒடுக்கப்பட்டவரே ஒடுக்குமுறையை நியாயமென்று ஏற்கும் நிலையில், சட்டம் எவ்வளவு நல்லதாயினும் அது தானாக வீட்டுக் கதவைத் தட்டாது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. அது மாதர் இயக்கம் நீண்ட காலம் போராடிப் பெற்றது. ஆனால் பல மாநிலங்களில் பாதுகாப்பு அலுவலர் பணி வேறொரு அதிகாரிக்குக் கூடுதல் பொறுப்பாகவே தரப்பட்டிருக்கிறது. ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையம் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. ஒரு விவசாயக் கூலிப் பெண் அங்கே போய்வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். முதல் அடி விழும் நாளுக்கும் அவர் காவல் நிலையப் படியேறும் நாளுக்கும் இடையில் பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. அந்த ஆண்டுகளில் அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் யார் என்பதே கேள்வி.

கேரள அனுபவம் இதற்கு ஒரு விடை தருகிறது. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ, அயல்கூட்டம், வார்டு, ஊராட்சி என்ற மூன்றடுக்கு அமைப்பாக வளர்ந்து, இன்று 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் திரட்டியிருக்கிறது. சிறுசேமிப்புக்காகக் கூடிய பெண்கள் மெல்ல மெல்லத் தங்கள் வீட்டு நிலைமைகளையும் பேசத் தொடங்கினர். 2013இல் ‘ஸ்நேகிதா’ உதவி மையங்கள் உருவாயின. உறுப்பினர்களிலிருந்தே பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, சமுதாய ஆலோசகர்களாகப் பயிற்றுவிக்கப்பட்டனர். அவர்கள் அதே தெருவில் வாழ்பவர்கள். தண்ணீர் பிடிக்கும் இடத்திலும் ரேஷன் கடையிலும் தினந்தோறும் சந்திப்பவர்கள். அவரிடம் பேசப் பேருந்து ஏற வேண்டியதில்லை.

மிகைப்படுத்தவும் வேண்டாம். 2021இல் வரதட்சணைக் கொடுமை தொடர்பான மரணங்கள் கேரளத்தை உலுக்கின. அமைப்பு இருப்பதால் ஆணாதிக்கம் மறைந்துவிடாது. ஆனால் அமைப்பு இல்லாத இடத்தில் அந்தப் பெண்ணின் குரல் வெளியே வருவதே இல்லை.

ஆலோசகருக்கு என்ன பயிற்சி தேவை? முதலாவது, கேட்பது. “நீ என்ன செய்தாய், அவர் ஏன் அடித்தார்?” என்று கேட்கும் ஆலோசகர், வன்முறையின் பக்கம் நின்றுவிடுகிறார். இரண்டாவது, ரகசியம் காப்பது. அதே தெருவில் வாழ்வது பலம். வாய் தவறினால் அதுவே ஆபத்து. மூன்றாவது, அபாயத்தை அறிவது. கழுத்தை நெரித்தல், கொலை மிரட்டல், கர்ப்ப காலத்தில் அடித்தல் ஆகியவை நாளை பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கத்தக்கவை அல்ல. அந்தப் பெண் வீட்டைவிட்டு வெளியேற முடிவெடுக்கும் நேரமே பல சமயம் மிக ஆபத்தான நேரம். ஆவணங்கள் எங்கே இருக்கும், இரவில் எந்த வீட்டுக்குப் போவது, 181 எண்ணை எப்படி அழைப்பது என்பதையெல்லாம் முன்கூட்டியே சேர்ந்து திட்டமிட வேண்டும். நான்காவது, எல்லையை அறிவது. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் அளித்தே தீர வேண்டும். அங்கே சமரசத்துக்கு இடமில்லை.

இந்தச் சமரசம் என்ற சொல்லிடம் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 2017 ஜூலையில் உச்சநீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு, 498ஏ புகார்களை முதலில் குடும்பநலக் குழுக்கள் பரிசீலிக்க வேண்டும் என்றது. மாதர் அமைப்புகள் அதை எதிர்த்தன. 2018 செப்டம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தக் குழுக்களுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று கூறியது. ஆலோசனை என்பது புகாருக்குக் குறுக்கே போடப்படும் தடுப்பாக மாறக்கூடாது. 2006ஆம் ஆண்டு விதிகளே, ஆலோசனையின்போது வன்முறைக்கு எதிர்மனுதாரர் நியாயம் கற்பிக்க அனுமதிக்கக் கூடாது என்கின்றன. பயிற்சி வகுப்பில் இந்த விதியை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

சாதிப் பஞ்சாயத்தும் தன்னை ஆலோசனை என்றே அழைத்துக்கொள்கிறது. சாதி மறுத்து மணந்த மகளை “பேசித் திருப்பி அழைத்து வர” நமது ஆலோசகரைப் பெற்றோர் நாடுவார்கள். வயது வந்த இருவரின் திருமணத்தில் தலையிட எந்தக் காப் பஞ்சாயத்துக்கும் உரிமையில்லை என்று 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம் தெளிவாகக் கூறியுள்ளது. நமது ஆலோசகரின் இடம் அந்த இணையரின் பக்கமே.

ஆண்களோடு பேச வேண்டாமா என்ற கேள்வி எழும். கட்டாயம் பேச வேண்டும். அதற்கு ஆண் தோழர்களையும் பயிற்றுவிக்க வேண்டும். வேலையின்மையும் கடனும் மதுவும் வன்முறையைக் கூர்மையாக்குகின்றன என்பது உண்மை. ஆனால் வேலையிழந்த பெண் கணவனை அடிப்பது அரிது. முதலாளியிடம் வாய் திறக்க முடியாதவன் வீட்டில் கை ஓங்குகிறான் என்றால், அந்தக் கைக்கு அனுமதி தந்தது ஆணாதிக்கம். வறுமையைச் சொல்லி அதை மன்னிக்கக் கூடாது. வறுமைக்கு எதிரான போராட்டத்தை விட்டுவிடவும் கூடாது.

இன்னொன்று. ஆலோசகர்கள் யாருடைய செலவில் உழைப்பது? ஆஷா, அங்கன்வாடிப் பெண்களைத் ‘தன்னார்வலர்’ என்று பெயரிட்டு, ஊதியத்தை மதிப்பூதியமாகச் சுருக்கியது அரசு. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தும் அது நிறைவேறவில்லை. பெண்களின் துயரத்தைக் கேட்கும் வேலையையும் பெண்களின் இலவச உழைப்பாக்க நாம் துணைபோகக் கூடாது. பயிற்சியும் ஊதியமும் அரசின் பொறுப்பு. முழுநேரப் பாதுகாப்பு அலுவலர்களையும் வட்ட அளவில் தங்குமிடங்களையும் கோருவது இந்தப் பணியின் பிரிக்க முடியாத பகுதி. பின்னால் இவை இல்லையென்றால், ஆலோசகர் அந்தப் பெண்ணுக்கு ஆறுதல் தவிர வேறெதையும் தர முடியாது.

எனவே தோழர்களே, இங்கிருந்து திரும்பியதும் மூன்று வேலைகள். ஒவ்வொரு கிளைப் பகுதியிலும் பெண்கள் நம்பிப் பேசக்கூடிய இருவரை அடையாளம் காணுங்கள். அவர் கட்சி உறுப்பினராக இருக்க வேண்டிய அவசியமில்லை. உங்கள் மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் யார், முழுநேரமா, கூடுதல் பொறுப்பா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மூன்றாவதாக, நமது அணிகளுக்குள் ஒருவர் மீது புகார் வந்தால், “நல்ல ஊழியர்” என்ற காரணத்தால் அது கிளைக்குள்ளேயே அமுக்கப்படக் கூடாது என்பதைக் கிளைக் கூட்டத்தில் விவாதித்துத் தீர்மானமாக்குங்கள். மூன்றாவதைச் செய்யாமல் முதலிரண்டைச் செய்தால், தெருவில் நமது பேச்சை எந்தப் பெண்ணும் நம்பமாட்டார்.