உப்புக் காற்றும் திறந்த காரும்



சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிச் செல்வோர், மரக்காணத்தை நெருங்கும்போது கண்ணைக் கூசச் செய்யும் வெண்மையான பாத்திகளைக் காண்பர். அவையே மரக்காணத்து உப்பளங்கள். வடக்கே ஆந்திர நாட்டிலிருந்து கடலோரமாகவே வரும் பக்கிங்காம் கால்வாய் இவ்வூரோடு முடிவுறுகின்றது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று கருதும் ஆராய்ச்சியாளரும் உளர். தை முதல் ஆவணி வரை வெயில் காய்ச்சும் உப்பு இங்கே குவியல் குவியலாக நிற்கும். ஐப்பசி மழை வந்துவிட்டால் பாத்திகள் வெறும் குளங்களாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அச்சாலையில் நின்றால் மற்றொரு காட்சியும் உண்டு. விலையுயர்ந்த கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து வரும். அவற்றுள் சிலவற்றுக்கு இரண்டே கதவுகள்; சிலவற்றுக்குக் கூரையே இராது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்தக் கார்களே. மாணவர்களுக்கு இது எதற்கு என்று பெரியோர் வினவலாம். நீங்கள் நாளைக்கே அத்தகைய கார் வாங்கப் போவதில்லை என்பதை நான் அறிவேன். ஆனால் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அதன் படத்தை வரைந்து வைத்திருப்போர் உங்களுள் பலர் என்பதையும் அறிவேன். பாலிடெக்னிக் ஒன்றில் பல்லாண்டு மோட்டார்ப் பொறியியல் கற்பித்தவன் அன்றோ நான்!

இரண்டு கதவும் தாழ்ந்து சரிந்த கூரையும் உடைய காரைக் 'கூபே' என்பர். அது பிரெஞ்சுச் சொல்; வெட்டப்பட்டது என்று பொருள். குதிரை வண்டிக் காலத்தில், எதிரெதிராக இருந்த இருக்கைகளுள் ஒன்றை நீக்கிக் குறுக்கிய வண்டிக்கு அப்பெயர் ஏற்பட்டது. கூரையை மடக்கித் திறந்துகொள்ளும் காரைக் 'கன்வர்ட்டிபிள்' என்பர். நாம் திறந்த கார் என்றே சொல்லுவோம்.

கூரை என்பது காருக்கு வெறும் நிழலன்று. ஓர் அட்டைப் பெட்டியை மூடியோடு ஒட்டிவிட்டு இரு கைகளாலும் முறுக்கிப் பாருங்கள், எளிதில் முறுகாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்கினால் துவண்டுவிடும். இக்காலத்துக் கார்களில் தனியாக அடிச்சட்டம் இல்லை, உடலே சட்டம். ஆகவே கூரையை வெட்டியவுடன் அடிப்பகுதியில் எஃகைக் கூட்டி வலுவூட்ட வேண்டும். எடை கூடும். மேடுபள்ளத்தில் முன்கண்ணாடியின் சட்டம் சற்றே நடுங்கும். சென்னையில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற பழைய கார்களில் இத்தொல்லை குறைவு. அதற்குத் தனி அடிச்சட்டம் இருந்தது. கூரையைப் போல்ட் கழற்றி எடுத்துவிடலாம்.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். அதில் என் பிழையும் கலந்திருக்கிறது.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் மரக்காணத்துக்காரர்; தந்தையார் உப்பளத் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவர். மாணவர் சென்னையில் நல்ல வேலையில் அமர்ந்து பொருள் ஈட்டினார். ஏழாண்டு ஓடிய வெளிநாட்டுத் திறந்த கார் ஒன்று விலைக்கு வந்தது. புதிதாக விற்றபோது இருந்த விலையில் மூன்றில் ஒரு பங்கு. எந்த நிறுவனத்தின் கார் என்பது இங்கே வேண்டுவதில்லை. "சார், நீங்கள் ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். போனேன். எஞ்சினின் ஓசையைக் கேட்டேன். கதவைச் சாத்திப் பார்த்தேன். வண்டி ஓடியிருந்த தூரம் மிகக் குறைவு என்பதைக் கண்டு மகிழ்ந்தேன். "வாங்கலாம்" என்றேன். காரைத் தூக்கி அடியைப் பார்க்க வேண்டும் என்று நானே வகுப்பில் நூறு முறை சொல்லியிருக்கிறேன். அன்று அது நினைவுக்கு வரவில்லை. அழகு முன்னால் நின்றுகொண்டிருந்தது!

காரை மரக்காணத்துக்குக் கொண்டு சென்ற அன்று நானும் உடன் இருந்தேன். தந்தையார் அதை ஒரு முறை சுற்றி வந்தார். பிறகு என்னைப் பார்த்து, "வாத்தியார் ஐயா, ஸ்டெப்னி எங்கே?" என்று கேட்டார்.

ஸ்டெப்னி இல்லை. இத்தகைய கார்கள் பலவற்றில் மாற்றுச் சக்கரம் வைப்பதில்லை. கூரை மடங்கிச் சென்று அமர்வதற்கே பின்புறத்தில் இடம் போதாது. அதற்கு ஈடாக, காற்று இறங்கிய பின்னும் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மிகாமல் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடக்கூடிய டயர்களைப் பூட்டியிருப்பர். இதை நான் விளக்கினேன். பெரியவர் கேட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குப் புறநானூற்றின் 102ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. ஔவையார் பொகுட்டெழினியைப் பாடியது அது. உப்பு வணிகராகிய உமணர், வண்டியில் பண்டம் மிகுதி, வழியோ மேடும் பள்ளமும் என்று அறிந்து, வண்டியின் அடிமரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்படுவர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அரசனை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டார் புலவர். வண்டியை வாங்கும்போதே அது முறியும் நாளையும் எண்ணியவர்கள் அந்த உமணர்கள்.

முதல் ஆண்டு இனிதே சென்றது. அடுத்த ஐப்பசியில், கழுவேலி ஏரியோரமாக வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கூரையை மூடும் பொத்தானை அழுத்தினார் மாணவர். கூரை பாதி எழுந்து, வானத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டது! மேலே போகவும் இல்லை. கீழே இறங்கவும் இல்லை. கடைசியில், உப்புக் குவியலை மூடும் தார்ப்பாயைக் கொண்டு வந்து போர்த்தி, காரை நடைவேகத்தில் வீடு சேர்த்தனர்.

நடந்தது என்ன? கூரையின் ஓரத்தில் விழும் மழைநீர் சிறு குழாய்களின் வழியே கீழே வடிய வேண்டும். மரக்காணத்துக் கடற்கரையில் சவுக்குத் தோப்புகள் மிகுதி. சவுக்கின் ஊசி இலைகள் அக்குழாய்களில் சென்று அடைத்துக்கொண்டன. வடிய வழியின்றி நீர் காரின் உள்ளே இறங்கிப் பின்புறத்துத் தாழ்ந்த இடத்தில் தேங்கியது. கூரையை இயக்கும் மின்கருவிப் பெட்டியை வைத்திருந்ததும் அதே இடத்தில்தான். அமெரிக்காவில் 1957 முதல் 1959 வரை ஃபோர்டு நிறுவனம் விற்ற 'ஸ்கைலைனர்' காரின் இரும்புக் கூரை மடங்குவதற்கு அறுநூறு அடிக்கு மேற்பட்ட மின்கம்பி வேண்டியிருந்தது. இன்றைய கூரைகளிலும் எண்ணெயழுத்தப் பம்பு, உருளைகள், ஒவ்வோர் அசைவையும் உணர்ந்து அறிவிக்கும் உணர்விகள் எனப் பல உண்டு. அவற்றுள் ஒன்று பேசாவிட்டால் மற்றவை எல்லாம் கைகட்டி நின்றுவிடும். ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989இல் வெளியிட்ட எம்.எக்ஸ்.5 என்ற சிறு திறந்த காருக்கோ, கையால் இழுத்து மடக்கும் துணிக்கூரைதான். 2016இல் அவ்வகைக் கார்கள் பத்து இலட்சத்தை எட்டின. எளிமைக்கு அங்கே மதிப்பு இருந்தது.

திண்டிவனத்தில் மெக்கானிக் ஒருவர் காரைத் தூக்கி வைத்து விளக்கைப் பிடித்தபோதுதான் முழுக்கதையும் தெரிந்தது. பிரேக் குழாய்கள் பொருக்குத் தட்டியிருந்தன. பின்னச்சைத் தாங்கும் சட்டத்தில் துரு ஏடு ஏடாகப் பெயர்ந்தது. "இது கடலோரத்திலேயே நின்ற வண்டி, சார். ஓடாமல் நின்ற வண்டி" என்றார் அவர். முந்தைய உரிமையாளர் கடற்கரையில் வீடுடையவர். ஞாயிறு மட்டும் வண்டியை வெளியில் எடுப்பவர். குறைந்த தூரம் ஓடியதை நான் நற்சான்றாகக் கொண்டேனே, அது நற்சான்று அன்று! ஓடாத காரில் பிரேக் தட்டுகள் துருப்பிடிக்கும், பாட்டரி இறங்கும், இரப்பர் உலர்ந்து வெடிக்கும்.

உப்பு எப்படி இவ்வளவு தீங்கு செய்கிறது என்பதை வேதியியல் மாணவர் அறிவர். இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதும். உப்பு அவ்வினையை விரைவுபடுத்துகிறது. உப்பு கரைந்த நீரில் மின்னோட்டம் எளிதாகச் செல்லும். ஆகவே உலோகப் பரப்பின் ஓரிடம் நேர்முனையாகவும் மற்றோரிடம் எதிர்முனையாகவும் மாறி, ஒரு சிறு மின்கலமே அங்கு உண்டாகிறது. அலுமினியத்தில் எஃகு போல்ட்டை முடுக்கிய இடத்தில் கேடு இன்னும் விரைவு. அங்கே அலுமினியம் அரிக்கப்படும். மழை பெய்யவேண்டும் என்பதும் இல்லை. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐ எட்டியதும் உப்புத்தூள் தானே நீரை ஈர்த்துக் கசியத் தொடங்கும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியக் குளோரைடு அதற்கும் முன்னரே கசியும். கடற்கரையில் இரவுகள் பெரும்பாலும் அந்த ஈரம் உடையவை. காரைத் துணியால் மூடி நிறுத்தினால் உப்பு வெளியே நின்றுவிடும் என்று எண்ணுகிறோம். உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் நிற்பதை மறந்துவிடுகிறோம். அடிப்பாகத்தை நன்னீரால் கழுவி உலரவிடுதலே மேல்.

புகழ் பெற்ற பெயர் இதற்குத் தடையாகாது. இத்தாலியின் லான்சியா நிறுவனம் 1972இல் 'பீட்டா' என்ற காரை வெளியிட்டது. அதில் கூபே வகையும் திறந்த வகையும் உண்டு. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் பிரிட்டனில், முதலில் வந்த பீட்டாக் கார்கள் பலவற்றில் எஞ்சினைத் தாங்கும் சட்டம் துருவால் அரிக்கப்பட்டது. 1980இல் பத்திரிகைகள் அதை உரக்கப் பேசின. நிறுவனம் பழைய கார்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள நேர்ந்தது. இழந்த பெயர் அங்கே மீளவில்லை. 1994இல் பிரிட்டிஷ் சந்தையை விட்டே லான்சியா விலகியது.

நம் சென்னையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1985இல் ஸ்டாண்டர்டு நிறுவனம் பெருங்குடியில் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற காரை உருவாக்கியது. 1977ஆம் ஆண்டின் சிறந்த கார் என்று ஐரோப்பாவில் பரிசு பெற்ற ரோவர் எஸ்.டி.1 காரின் உடல் அது. நான்கு கதவு உடையதாயினும் கூபேயைப் போல் பின்புறம் சரிந்து இறங்கும் அழகு. ஆனால் உள்ளே வைத்ததோ பழைய 'வான்கார்டு' வழிவந்த இரண்டு லிட்டர் எஞ்சின். விலை மிகுதி, பெட்ரோல் செலவும் மிகுதி. சில ஆண்டுகளிலேயே அது நின்றுபோயிற்று. உடலின் புகழ் எஞ்சினுக்கு உதவவில்லை.

அப்படியாயின் வாங்குவோர் யாரை நம்புவது? உரிமையாளரைக் கேட்கலாம் என்பர். கேட்கத்தான் வேண்டும், ஆனால் எந்த உரிமையாளரை? வாங்கி ஒரு மாதமான உரிமையாளர் காதலர்; அவர் குறை காணார். ஐந்தாண்டு வைத்திருப்பவரே சாட்சி. அவரிடமும் "கார் எப்படி?" என்று கேட்டால் பயனில்லை. பெரும்பொருள் கொடுத்து வாங்கியதைக் குறை கூற யாருக்கும் நா எழாது; தம் அறிவையே குறை கூறியதாகும் அன்றோ? "சென்ற ஆண்டில் எத்தனை நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றது? உறுப்பு எங்கிருந்து வந்தது? ரசீதுகளைக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். ரசீதுக் கட்டு பொய் சொல்லுவது அரிது.

மேலை நாடுகளில் உரிமையாளரைக் கணக்கெடுத்துச் சொல்லும் அமைப்புகள் உண்டு. அமெரிக்காவின் ஜே.டி.பவர் நிறுவனம், மூன்றாண்டு ஓடிய கார்களில் நூறு காருக்கு எத்தனை குறைகள் என்று எண்ணி வெளியிடும். 1936 முதல் வரும் 'கன்சூமர் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகையும் ஆண்டுதோறும் வாசகரைக் கேட்டு எழுதும். இங்கே புள்ளியியல் மாணவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூபேயும் திறந்த காரும் மிகச் சிலவே விற்பவை. பதினாயிரம் பேரைக் கேட்டுச் சொல்லும் விடையும் பதின்மரைக் கேட்டுச் சொல்லும் விடையும் ஒன்றாகா. இந்தியாவிலோ இவை பெரும்பாலும் முழுதாக இறக்குமதியாகும் கார்கள். ஒரு வகையில் ஊருக்கு நான்கைந்து இருந்தாலே அரிது. நாம் கேட்பதெல்லாம் கதை, கணக்கு அன்று.

என் மாணவரின் கணக்கைச் சொல்லுகிறேன். கூரையும் அடிச்சட்டமும் செப்பனிட, வாங்கிய விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கேட்டார்கள். இயந்திரக் கோளாற்றையும் தேய்மானத்தையும் சாதாரணக் காப்பீடு ஏற்பதில்லை; உத்தரவாதக் காலம் என்றோ முடிந்துவிட்டது. காரின் விலை ஏழாண்டில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது; ஆனால் உதிரி உறுப்பின் விலை புதுக்காருக்கு உரியதாகவே இருந்தது. மழைக்குப் பின் உப்பளத்தின் வரப்பைக் கட்டவும் பம்பு மாற்றவும் வைத்திருந்த பணம் காருக்குச் சென்றது. அந்த ஆண்டு சில பாத்திகள் காலந்தாழ்ந்தே காய்ந்தன. பெரியவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றிற்று.

இருப்பினும் அந்தக் காரை நான் வெறுக்கவில்லை. மாசி மாதத்து விடியலில் கூரையைத் திறந்து அளத்தின் ஓரமாகச் சென்ற அந்த அரைமணி நேரம் இன்னும் என் நினைவில் இருக்கிறது; உப்புப் பாத்திகளில் வானம் இளஞ்சிவப்பாகக் கிடந்தது. மாணவர் ஈராண்டு வைத்திருந்து காரை விற்றுவிட்டார். ஓசூரிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். மாணவர் ரசீதுக் கட்டு முழுவதையும் அவர் கையில் கொடுத்து, சவுக்கிலை அடைத்த குழாயைக் காட்டி, அதைக் குத்தித் துடைக்கும் கம்பியையும் கொடுத்தார். அந்த இளைஞர் அதற்கு முன்னரே, காரின் கதவைக்கூடத் திறந்து பாராமல், கையில் டார்ச் விளக்கோடு தரையில் மல்லாந்து படுத்துக் காரின் அடியில் நுழைந்திருந்தார். பெரியவர் திண்ணையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் மணலோடு அவர் வெளியே வந்ததும், உள்ளே திரும்பி, தம்பிக்குக் காபி கொண்டு வரச் சொன்னார்.