மந்தம் வந்தால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்

(உட்லண்ட்ஸில் தொழிலாளர் குடும்பங்களின் சந்திப்பில் ஆற்றிய உரை)



1965இல் இந்தத் தீவில் தலைக்கு ஆண்டு வருமானம் சுமார் 500 அமெரிக்க டாலர். இன்று அது 80,000ஐத் தாண்டிவிட்டது. அதில் நம் வியர்வையும் உண்டு. ஆனால் இடையில் 1985, 1998, 2001, 2020 எனப் பொருளியல் சுருங்கிய ஆண்டுகளும் வந்தன. ஏற்றுமதியை நம்பி வாழும் ஊர் இது. அங்கே வாங்குகிறவன் கை சுருங்கினால் இங்கே நம் வீட்டு உலை கொதிக்காது.

அந்தப் பாரம் யார் தலையில் ஏறியது? 1986இல் முதலாளிகள் கட்டும் மத்திய சேம நிதிச் சந்தா 25 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டது. 1999இல் மறுபடியும் 20இலிருந்து 10 ஆனது. வேலைகளைக் காப்பாற்றத்தான் என்றார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அந்த 25 திரும்பவே இல்லை. 55 வயது வரை உள்ளவர்களுக்கு முதலாளி இன்று கட்டுவது 17.

என்னிடம் வந்த ஓர் அண்ணன், 12 ஆண்டு ஒரே கிடங்கில் வேலை செய்தவர். “நீங்களே விலகுவதாக எழுதிக் கொடுங்கள், அடுத்த வேலைக்கு நல்லது” என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டார். என்னைத் தேடி வந்தது மூன்றாம் மாதம். கட்டாயப்படுத்தி விலக வைத்ததும் நியாயமற்ற பணிநீக்கம்தான். ஆனால் புகார் செய்ய ஒரு மாதம்தான் கெடு.

ஆகவே மூன்று விஷயங்கள்.

ஒன்று, ஆட்குறைப்பை ராஜினாமா என்று எழுதாதீர்கள். இரண்டு ஆண்டு வேலை செய்தவர் இழப்பீடு கேட்கலாம். சட்டம் கட்டாயமாக்கவில்லை, ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஆண்டுக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை கொடுப்பது வழக்கம். வேலையிழந்த குடிமக்களுக்கு 2025 ஏப்ரல் முதல் ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை கிடைக்கும் உதவியும், தானாக விலகியவருக்குக் கிடையாது.

இரண்டு, சம்பளப் பாக்கி இருந்தால் வேலையை விட்ட ஆறு மாதத்துக்குள் டிஏடிஎம் என்னும் முத்தரப்புச் சமரச அமைப்பிடம் போங்கள். ஒர்க் பெர்மிட் தம்பிகளுக்கும் இந்த உரிமை உண்டு.

மூன்று, யாரை நிறுத்துவது என்ற பட்டியலில் இனமும் மொழியும் நுழையக் கூடாது. அதற்காகவே 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டம் நிறைவேறியது. தொடக்கத்தில் 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு விலக்கு. நம்மவர் பலர் வேலை செய்வது அங்கேதான். அந்த விலக்கு நீங்க நாம் தொடர்ந்து கேட்க வேண்டும்.

மந்தத்தை நாம் தடுக்க முடியாது. அது நம் தலையில் மட்டும் விடியாமல் தடுக்கலாம். காகிதத்தை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். படித்த பிள்ளையிடம் காட்டுங்கள். அதன்பிறகு பேனாவை எடுங்கள்.