இரு பாடசாலைகள் நமக்குச் சொல்வது

(நூற்றாண்டு விழாப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



எமது சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்கிறது. நன்றி கூறவும் மறைந்தோரை நினைவுகூரவும் இந்த விழாவில் வேறு நேரங்கள் உண்டு. எமக்குத் தரப்பட்ட இச்சிறு பொழுதில் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். ஒரு பாடசாலைக்கு இடர் வரும்போது அதன் பழைய மாணவர்களால் ஆகக்கூடியது என்ன?

இதற்கு விடை தேடித் தென்னாபிரிக்காவின் டேர்பன் நகருக்குப் போவோம். 1860 முதல் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழர் சென்று இறங்கிய துறைமுகம் அது. எமக்கு இன்னொரு உறவும் அங்கே உண்டு. 1816இல் யாழ்ப்பாணம் வந்து, 1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய அதே அமெரிக்க மிசன்தான் பின்னர் அங்கும் சென்றது. டேர்பனுக்குத் தெற்கே அமான்சிம்டோட்டியில் 1853இல் அது ஒரு பாடசாலையைத் தொடங்கியது. நியூட்டன் அடம்ஸ் என்ற மிசன் வைத்தியரின் பெயரால் அது அடம்ஸ் கல்லூரி எனப்பட்டது. டேர்பனுக்கு வடக்கே இனாண்டாவில் 1869இல் பெண்களுக்கென ஒரு விடுதிப் பாடசாலை எழுந்தது. இவ்விரண்டும் உடுவிலுக்குத் தங்கைகள் என்று சொன்னால் பிழையில்லை.

அடம்ஸ் கல்லூரியில் ஆண்களும் பெண்களும் ஒன்றாகக் கற்றார்கள். உயர்தரப் பாடசாலை, ஆசிரிய பயிற்சி, சங்கீதம் எல்லாம் ஒரே வளவுக்குள் இருந்தன. ஆபிரிக்கர்களில் முதன்முதலாகச் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற அல்பேட் லுதூலி அங்கே கற்றார். பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். எழுத்தாளர் எலன் குஸ்வாயோ அங்கே ஆசிரிய பயிற்சி பெற்றவர். 1994இல், எண்பது வயதை நெருங்கிய நிலையில், அவர் தம் நாட்டின் முதல் சனநாயகப் பாராளுமன்றத்தில் அமர்ந்தார்.

1953இல் பாண்டு கல்விச் சட்டம் வந்தது. கறுப்பின மாணவருக்கெனத் தனியாக, தரம் குறைந்த ஒரு கல்வியை அது வகுத்தது. வெள்ளையருக்கு ஏவல் செய்வதற்கு மேலான கல்வி அவர்களுக்கு வேண்டியதில்லை என்பதே அமைச்சர் வெர்வூட்டின் எண்ணம். மிசன் பாடசாலைகள் கையளிக்கப்பட வேண்டும், அல்லது உதவிப்பணத்தை இழக்க வேண்டும் என்றாயிற்று. உதவிப்பணம் இன்றித் தனியார் பாடசாலையாகவே நடத்துகிறோம் என்று அடம்ஸ் விண்ணப்பித்தது. அனுமதி மறுக்கப்பட்டது. அப்போது அதிபராயிருந்தவர் ஜக் கிராண்ட். ஒரு காலத்தில் மேற்கிந்தியக் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கியவர். அவரும் தம்மால் இயன்றதைச் செய்தார். ஆயினும் 1956 முடிவில் கல்லூரி மூடப்பட்டது. வளவு அரசின் கைக்குப் போயிற்று. பெயர்கூட மாற்றப்பட்டது.

சகோதரிகளே, 1960இல் எமது நாட்டிலும் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. சில பாடசாலைகள் கட்டணமும் அறவிடாமல், உதவிப்பணமும் பெறாமல் தனித்து நின்றன. அந்நாட்களின் மனவருத்தங்களை எம் மூத்தோர் அறிவார்கள். ஆனால் இரண்டையும் ஒன்றாக எண்ணக்கூடாது. இங்கே இலவசக் கல்வியின் கீழ் எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி விரிந்தது. அங்கே ஓர் இனத்தின் பிள்ளைகளுக்கு அது சுருக்கப்பட்டது.

அடம்ஸின் பழைய மாணவருக்குக் கல்லூரி மேல் அன்பு இல்லையா? இருந்தது. ஆனால் அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. அவர்கள் சொல்லுக்குச் சட்டத்தின் முன் மதிப்பும் இல்லை. ஆகவே அன்பு மட்டும் கல்லூரியைக் காப்பாற்றவில்லை.

இனாண்டாவின் கதை வேறு. அது அரச உதவியின்றித் தனியார் பாடசாலையாக நிலைத்தது. இனவொதுக்கல் ஆட்சி முழுவதையும் தாண்டியது. பின்னர், சுதந்திரம் வந்த பிறகு, 1990களின் இறுதியில் பண நெருக்கடியால் அதை மூடிவிடுவது என்று முடிவாயிற்று. அப்போது பழைய மாணவிகள் முன்வந்தார்கள். தாங்கள் படித்த பாடசாலையின் பொறுப்பைத் தாங்களே தோளில் ஏற்றார்கள். இனாண்டா இன்றும் நடக்கிறது.

இவ்விரு பாடசாலைகளும் நமக்குச் சொல்வது இதுதான். பழைய மாணவிகளின் அன்பு பொறுப்பாக மாறினால்தான் பாடசாலைக்குத் துணையாகும். அப்படி மாறுவதற்கு உரிமையும் வேண்டும், ஒற்றுமையும் வேண்டும், விடயம் தெரிந்திருக்கவும் வேண்டும். அடம்ஸின் மாணவருக்கு உரிமை மறுக்கப்பட்டது. எமக்கு அது உண்டு. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் லண்டனிலும் ரொறொன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கிற எம்மை யாரும் தடுக்கவில்லை.

எனவே, அடுத்த நூற்றாண்டுக்கு மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம். பணம் அனுப்புவோர், அது எந்தத் தேவைக்குப் போகிறது என்று அதிபரிடம் முதலில் கேட்டு அனுப்புவோம். கல்லூரி விளம்பரப் பலகையில் எம் பெயர் வருவதைவிட, விடுதியில் தங்கியிருக்கும் ஒரு பிள்ளையின் கட்டணம் முக்கியம். இரண்டாவது, வருடாந்தக் கூட்டத்துக்கு வருவோம். கணக்கறிக்கை வாசிக்கப்படும்போது தேநீருக்கு எழும்பாமல் இருந்து கேட்போம். மூன்றாவது, சென்ற வருடம் பாடசாலையை விட்ட பிள்ளைகளைச் சங்கத்தில் சேர்ப்போம். இடர் எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரியாது. வரும் நாளில் தோள் கொடுக்கப் போகிறவர்கள் அவர்களே.