தலைதட்டிய வாளி



அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இம்மாக்கலி என்றொரு சிற்றூர். சுற்றிலும் தக்காளி வயல்கள். பறிப்பவர்கள் மெக்சிகோ, குவாத்தமாலா, ஹெய்ட்டி நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். விடியுமுன் ஒரு வாகன நிறுத்துமிடத்தில் கூடி நிற்பார்கள். மேஸ்திரியின் பழைய பஸ் வரும். அவர் யாரைக் கூப்பிடுகிறாரோ அவருக்குத்தான் அன்று வேலை.

கூலி வாளிக் கணக்கு. ஒரு வாளி 32 பவுண்டு, அதாவது பதினாலரை கிலோ. 2000-களின் தொடக்கத்தில் வாளிக்கு 40 சென்ட், அதற்குச் சற்று மேல். 40 சென்ட் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: 50 டாலர் பார்க்க 125 வாளி, 4,000 பவுண்டு தக்காளி. அவ்வளவையும் பறித்துத் தோளில் ஏற்றிக்கொண்டு லாரிக்கு ஓட வேண்டும். அதிலும் ஒரு சூது இருந்தது. வாளி விளிம்புவரை நிரம்பினால் போதாது, கோபுரமாகக் குவிந்தால்தான் கணக்கில் ஏறும். நெல் அளக்கும் மரக்காலைக் குவித்து வாங்கி, தலைதட்டிக் கொடுத்தவர்களின் சாமர்த்தியம் நமக்குத் தெரியாததா? அங்கே அந்தக் குவியல் மட்டும் பத்தில் ஒரு பங்கு இலவச உழைப்பு.

சட்டம் எங்கே போயிற்று என்று கேட்கலாம். சங்கம் வைக்கும் உரிமையைக் காத்த 1935-ஆம் ஆண்டுச் சட்டம் பண்ணைத் தொழிலாளர்களை வெளியே நிறுத்தியது. 1938-இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அப்படியே. தென்மாநிலத்து வயல்களில் அன்று உழைத்தவர்களில் கறுப்பின மக்கள் ஏராளம்; தென்மாநில உறுப்பினர்களின் ஆதரவில்லாமல் சட்டங்கள் நிறைவேறாது. பேரம் புரிகிறதல்லவா? குறைந்தபட்சக் கூலி 1966-இல் ஓரளவு எட்டிப் பார்த்தது. கூடுதல் நேர வேலைக்கான ஒன்றரை மடங்குக் கூலியோ கூட்டாட்சிச் சட்டத்தில் இவர்களுக்கு இன்றும் இல்லை.

1960 நவம்பரில், நன்றி நவிலும் விருந்துக்கு மறுநாள், செய்தியாளர் எட்வர்ட் மரோ தொலைக்காட்சியில் இவர்களின் வாழ்க்கையைக் காட்டினார். நாடே அதிர்ந்தது. அதிர்ச்சி கூலியாக மாறவில்லை.

1993-இல் ஒரு தேவாலயத்தின் அறையில் சில தொழிலாளர்கள் கூடிப் பேசத் தொடங்கினார்கள். அதுதான் பின்னாளில் இம்மாக்கலி தொழிலாளர் கூட்டணி. 1996-இல் தண்ணீர் குடிக்கப் போன ஓர் இளைஞரை மேஸ்திரி அடித்துப்போட்டார். ரத்தம் தோய்ந்த அவரது சட்டையையே கொடியாகப் பிடித்து நூற்றுக்கணக்கானோர் மேஸ்திரியின் வீட்டுக்கு ஊர்வலம் போனார்கள். அடுத்த ஆண்டின் இறுதியில் ஆறு பேர் 30 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். பண்ணை முதலாளிகள் பேச்சுவார்த்தைக்கு வரவில்லை.

அப்போதுதான் அவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பண்ணைக்காரருக்கு மேலே இருந்து விலையை நசுக்குவது யார்? லட்சக்கணக்கான பவுண்டு தக்காளியை மொத்தமாக வாங்கும் உணவக நிறுவனங்கள். என் கணிப்பில், இந்தக் கதையிலேயே கூர்மையான அரசியல் அறிவு இதுதான். 2001-இல் டாக்கோ பெல் என்ற துரித உணவு நிறுவனத்தைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். கேட்டது பவுண்டுக்குக் கூடுதலாக ஒரே ஒரு சென்ட். மாணவர்கள் பல கல்லூரி வளாகங்களிலிருந்து அந்தக் கடையை வெளியேற்றினார்கள். 2005-இல் நிறுவனம் இணங்கியது, 2007-இல் மெக்டொனால்ட்ஸ், 2008-இல் பர்கர் கிங்.

வாங்குபவர் கொடுக்கத் தயார், ஆனால் வழியில் ஒரு கை மறித்தது. அந்த ஒரு சென்ட்டைத் தொழிலாளியிடம் சேர்க்கும் உறுப்பினருக்கு 1,00,000 டாலர் அபராதம் என்று புளோரிடா தக்காளி விவசாயிகளின் கூட்டமைப்பு மிரட்டியது! 2010 நவம்பரில்தான் அதே அமைப்பு தொழிலாளர் கூட்டணியுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

நல்லெண்ண வாசகங்களை அச்சடித்துச் சுவரில் மாட்டும் நிறுவனங்கள் ஏராளம். இங்கே நடந்தது வேறு. கொத்தடிமைத்தனமோ பாலியல் வன்முறையோ நடந்து, அதைச் சரிசெய்யாத பண்ணையிடம் ஒப்பந்தத்தில் சேர்ந்த நிறுவனங்கள் தக்காளி வாங்கக் கூடாது. வந்த நேரத்தைப் பதிய வயலில் கடிகாரம், நிழல், 24 மணி நேரமும் புகார் சொல்லத் தொலைபேசி. வாளியும் தலைதட்டப்பட்டது. 2014-இல் வால்மார்ட் சேர்ந்தது. வெண்டீஸ் என்ற உணவக நிறுவனம் சேர மறுத்தது; 2018 மார்ச்சில் தொழிலாளர்கள் நியூயார்க் போய், அந்த நிறுவனத் தலைவரின் அலுவலக வாசலில் ஐந்து நாள் பட்டினி கிடந்தார்கள்.

இந்த ஒப்பந்தத்தின் கீழ் உள்ள வயல்களில் கோடை மாதங்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிட ஓய்வு கட்டாயம். அதே மாநிலத்தில், வெயிலில் வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்பு விதி வகுக்க மயாமி-டேட் மாவட்டம் முயன்றபோது, உள்ளாட்சிகள் எதுவும் அப்படிச் செய்யவே கூடாது என்று 2024-இல் சட்டம் வந்தது. ஆளுநர் கையெழுத்தும் போட்டுவிட்டார்.