படிவமும் ஆவணமும் பக்கத்தில் பக்கத்தில்: சாளர அளவும் இயங்குதளங்களும்

(இ-சேவை மையக் கணினி இயக்குநர்களுக்கான பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு ரொம்பச் சின்னதாகத் தெரியும். கணினித் திரையில் ஒரு சாளரத்தைப் பெரிதாக்குவது, சிறிதாக்குவது, ஓரமாக நிறுத்துவது. "இதுக்கு ஒரு வகுப்பா சார்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே உள்ளே போவோம்.

ஒரு தாய் தன் மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டி உங்கள் மையத்துக்கு வருகிறார். ஆதார் அட்டை, குடும்ப அட்டை, மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிடுகிறீர்கள். பிறகு விண்ணப்பப் படிவத்தைத் திறந்து பெயரைத் தட்டச்சு செய்கிறீர்கள். படிவம் திரை முழுக்க நிற்கிறது. ஸ்கேன் செய்த ஆவணம் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். வாசலில் கூட்டம் நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் கண் பார்ப்பதை நிறுத்திவிடும். கை நினைவிலிருந்தே அடிக்கத் தொடங்கும். அப்போதுதான் முன்னால் இருக்க வேண்டிய தலைப்பெழுத்து பின்னால் போகிறது. 'ழ' வர வேண்டிய இடத்தில் 'ள' வந்து உட்காருகிறது.

அந்த ஓர் எழுத்து கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஒவ்வொரு மேசையாகப் போகிறது. வழியில் கண்டுபிடித்தால் விண்ணப்பம் திரும்பி வரும். கண்டுபிடிக்காவிட்டால் இன்னும் மோசம். கல்லூரிச் சேர்க்கை அன்றைக்குத்தான் தெரியும். கூலி வேலையை விட்டுவிட்டு மறுபடி பஸ் ஏறி வருவது அந்தத் தாய்தான். படிவமும் ஆவணமும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இந்தப் பிழையில் பெரும்பகுதி அங்கேயே பிடிபட்டுவிடும். அதனால்தான் இந்த வகுப்பு.

ஏன் இது கணினிக்குக் கணினி மாறுகிறது?

உங்களில் சிலர் விண்டோஸில் வேலை செய்கிறீர்கள். சிலரிடம் லினக்ஸ் இருக்கிறது. அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் தடுமாறும். காரணம், ஒவ்வொரு இயங்குதளமும் வேறு வேறு இடத்திலிருந்து புறப்பட்டு வந்தது.

1984-ல் வந்த ஆப்பிள் மெக்கின்டாஷில் சாளரத்தின் கீழ் வலது மூலையைப் பிடித்து இழுத்தால்தான் அளவு மாறும். மற்ற ஓரங்களைப் பிடித்தால் ஒன்றும் நடக்காது. இந்த வழக்கம் 2011-ல் லயன் பதிப்பு வரும்வரை நீடித்தது. அதற்குப் பிறகுதான் மேக்கில் எந்த ஓரத்தையும் பிடித்து இழுக்க முடிந்தது.

விண்டோஸின் கதை வேறு. 1985-ல் வந்த முதல் விண்டோஸில் நிரல்களின் சாளரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. தரையில் ஓடு பதித்தது மாதிரி பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். 1987-ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் ஒன்றை ஒன்று மறைக்கும் சாளரங்கள் வந்தன. வேடிக்கையைப் பாருங்க, இன்றைக்கு நமக்கு வேண்டியது அந்த முதல் பதிப்பில் இருந்ததுதான்! 2009-ல் விண்டோஸ் 7 அதை 'ஸ்னாப்' என்ற பெயரில் திரும்பக் கொண்டுவந்தது.

லினக்ஸில் பலகாலமாக இருந்துவரும் எக்ஸ் விண்டோ முறையில், சாளரங்களுக்கு ஓரம் போடுவதும் நகர்த்துவதும் 'சாளர மேலாளர்' என்ற தனி நிரலின் பொறுப்பு. எல்லா நிரலுக்கும் மேலாளர் ஒருவரே என்பதால், நகர்த்தும் முறையும் எல்லாச் சாளரத்துக்கும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ என்று முகப்பு மாறினால் மேலாளரும் மாறுவார்; விசைகளும் கொஞ்சம் மாறும்.

எந்த இயங்குதளமாக இருந்தாலும், "இதற்குமேல் என்னைச் சுருக்காதே" என்று ஒரு நிரல் குறைந்தபட்ச அளவைச் சொல்லி வைத்திருக்கலாம். இழுத்தும் ஒரு சாளரம் சுருங்காமல் அடம் பிடித்தால் சுட்டியைக் குறை சொல்லாதீங்க. அது அந்த நிரலை எழுதியவர் வைத்த எல்லை.

ஓரம் ஏன் கையில் சிக்குவதில்லை?

நிறையப் பேர் சொல்கிற புகார் இது. விண்டோஸ் 10-ல் கண்ணுக்குத் தெரியும் ஓரம் ஒரு மெல்லிய கோடுதான். ஆனால் பிடிக்கக்கூடிய பகுதி அந்தக் கோட்டுக்கு வெளியே சில பிக்சல் வரை கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. ஆகவே கோட்டுக்குச் சற்று வெளியே சுட்டியைக் கொண்டுபோங்க. இரட்டை அம்புக்குறி வந்த பிறகு இழுங்க. மேக்கின் புதிய பதிப்புகளில் மூலைகள் வளைந்திருப்பதால் அங்கேயும் இதே சிக்கல்தான்.

லினக்ஸில் சில முகப்பு வடிவங்களில் ஓரம் ஒரு பிக்சல்தான் இருக்கும். அதற்கு அருமையான வழி ஒன்று இருக்கிறது: ஓரத்தைத் தேடவே வேண்டாம். எக்ஸ்எஃப்சிஇ முகப்பில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு, சாளரத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் வலது பொத்தானைப் பிடித்து இழுத்தால் அளவு மாறும். கேடிஇ-யின் இன்றைய பதிப்புகளில் ஆல்ட்டுக்குப் பதில் விண்டோஸ் படம் போட்ட விசை. க்னோமில் அதே விசையோடு சுட்டியின் நடுப் பொத்தான். இடது பொத்தானைப் பிடித்து இழுத்தால் சாளரம் நகரும். சின்னத் திரையில் ஓர் உரையாடல் பெட்டியின் 'சரி' பொத்தான் கீழே மறைந்துபோனால், இப்படிப் பிடித்து மேலே தூக்கிவிடலாம். விண்டோஸில் பொத்தான் இப்படி மறைந்தால், காட்சி அமைப்பில் அளவு 125% அல்லது 150% என்று வைத்திருக்கிறதா என்று பாருங்க. 100% ஆக்கினால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சுட்டி சரியில்லாத நாளில் விசைப்பலகையே போதும். விண்டோஸில் ஆல்ட், ஸ்பேஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் எஸ் அழுத்தி, அம்பு விசைகளால் அளவை மாற்றி, என்டர் கொடுங்க. சாளரம் திரை முழுக்க நிற்கும்போது இது வேலை செய்யாது. முதலில் அதைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். க்னோம், எக்ஸ்எஃப்சிஇ இரண்டிலும் ஆல்ட்டோடு எஃப் 8 அழுத்தினால் அதே வேலை நடக்கும்.

பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவது

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் படிவச் சாளரத்தில் இருந்துகொண்டு விண்டோஸ் விசையோடு வலது அம்பை அழுத்துங்க. படிவம் வலது பாதிக்குப் போகும். மீதி இடத்தில் திறந்திருக்கிற மற்ற சாளரங்கள் சின்னதாகத் தெரியும். ஸ்கேன் செய்த ஆவணத்தைத் தேர்ந்தெடுத்தால் அது இடது பாதியில் நிற்கும். நடுக்கோட்டைப் பிடித்து இழுத்தால் ஒன்று பெரிதாகி மற்றது சிறிதாகும். க்னோமிலும் அதே விசைகள்தான். ஆவணத்தையும் தனியாக இடது அம்பு கொடுத்து நிறுத்திக்கொள்ளுங்க. மேக்கில் 2024-ல் வந்த செக்கோயா பதிப்பிலிருந்து, சாளரத்தைத் திரை ஓரத்துக்கு இழுத்தால் பாதியில் நிற்கிறது.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. 1366-க்கு 768 அளவுள்ள திரையில் பாதி என்றால் அகலம் 683 பிக்சல். பல இணையதளங்கள் அகலம் 768-க்குக் கீழே போனதும் கைபேசி வடிவத்துக்கு மாறிவிடும். பட்டியல் சுருங்கும், கட்டங்கள் இடம் மாறும். "சைட் கெட்டுப்போச்சு" என்று பதறி மறுபடி முழுத்திரைக்குப் போக வேண்டாம். கன்ட்ரோல் விசையோடு கழித்தல் குறியை அழுத்தி, உலாவியின் அளவை 80% ஆக்குங்க. இப்போது அந்தப் பக்கம் தனக்கு 854 பிக்சல் இடம் இருப்பதாக எடுத்துக்கொண்டு பழைய வடிவத்துக்குத் திரும்பும். எழுத்து கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவுதான். கன்ட்ரோலோடு பூஜ்யம் அழுத்தினால் பழையபடி 100% ஆகிவிடும்.

கவுண்டரில் கடைப்பிடிக்க வேண்டியவை

மூன்று பழக்கம் போதும்.

ஒன்று: படிவத்தைத் திறந்ததும், தட்டச்சைத் தொடங்கும் முன்பே, ஆவணத்தைப் பக்கத்தில் நிறுத்திவிடுங்க. பாதி அடித்த பிறகு நிறுத்துவது மனசுக்குத் தோன்றாது.

இரண்டு: சமர்ப்பிக்கும் முன் படிவத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, எழுத்தையும் பெரிதாக்கி, திரையை விண்ணப்பதாரர் பக்கம் திருப்புங்க. பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் அவரே பார்க்கட்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் எழுத்து எழுத்தாக வாசித்துக் காட்டுங்க.

மூன்று: அடுத்தவர் நாற்காலியில் உட்காரும் முன், முந்தையவரின் ஆவணச் சாளரத்தை மூடிவிடுங்க. சுருக்கி வைத்தால் போதாது, மூட வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை செய்யும்போது ஒருவர் ஆதாரை இன்னொருவர் பார்க்க வாய்ப்பு அதிகம். இன்னொரு ஆபத்தும் உண்டு: ஒருவர் பெயரைப் பார்த்து இன்னொருவர் படிவத்தை நிரப்பிவிடலாம்.

உங்கள் மையத்தில் என்ன இயங்குதளம் இருக்கிறதோ, அதற்கான விசைகளை ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்க. ஒரு வாரம் பார்த்துப் பார்த்துச் செய்தால் அப்புறம் கை தானாகவே போகும். இதற்குப் புதிய கணினி வேண்டாம், புதிய மென்பொருளும் வேண்டாம். எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

இப்போது அவரவர் கணினியைத் திறந்து ஒரு முறை செய்து பார்ப்போம். சந்தேகம் இருந்தால் கையைத் தூக்குங்க, நான் பக்கத்தில் வருகிறேன்.